காற்றடிக்கும் கயாக்கில் நான்கு ஆண்டுகள்

நான்கு ஆண்டுகளாக ஒரே கயாக்தான், துடுப்பால் வலித்துப் போகும் சிறு படகு. காற்றடித்து விரிக்கும் வகை, 3.2 மீட்டர் நீளம், 14 கிலோ எடை. போவதும் ஒரே ஆற்றில்தான். சத்தமில்லாத ஆறு, வளைவு முடியும் இடத்தில் அடுத்த வளைவு தொடங்கிவிடும். நீளமான படகுதான் வேகமாகப் போகும் என்று வாங்கும்போது சொன்னார்கள். உண்மைதான். ஆனால் 50 அடிக்கு ஒரு திருப்பம் வரும் ஆற்றில் வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்தக் குட்டைப் படகு, துடுப்பை அகலமாக வீசி இரண்டு முறை வலித்தால் திரும்பிவிடுகிறது.

அடியில் மாட்டும் ஃபின் என்ற தகடு இல்லாவிட்டால் ஒவ்வொரு வலிப்புக்கும் படகின் முகம் இடதும் வலதுமாக ஆடும். மாட்டினால் நேராகப் போகும், ஆனால் ஆழம் குறைந்த இடத்தில் மணலில் உரசி நின்றுவிடும். வளைவின் உட்பக்கத்தில் நீர் மெதுவாக ஓடுவதால் வண்டல் அங்கேதான் படிகிறது. பெரிய ஃபினைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒன்று மாட்டிய பிறகு இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது.

சரி, வெளிப்பக்கமாகவே போகலாமே என்றால், அங்கே வேறு ஆபத்து. வேகமும் ஆழமும் அந்தப் பக்கம்தான். கரை அரித்து மரங்கள் சாய்வதும் அங்கேதான். இரண்டாம் ஆண்டில் அப்படிச் சாய்ந்த ஒரு மரத்தில் படகு குறுக்காகப் போய் ஒட்டிக்கொண்டது. பயத்தில் மரத்தைவிட்டு விலகி மறுபக்கம் சாய்ந்தேன். அந்தப் பக்க விளிம்பு தாழ்ந்ததும் நீர் மடமடவென்று உள்ளே ஏறியது. மரத்தை நோக்கித்தான் சாய்ந்திருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் கிளையைப் பிடித்துக் கரையேறினேன். இப்போதெல்லாம் திருப்பத்துக்கு முன்பே நடுவிலிருந்து கொஞ்சம் உட்பக்கமாக ஒதுங்கிவிடுகிறேன். நீர் கிளைகளுக்குள் புகுந்து ஓடுவது தெரிந்தால் இறங்கி, படகைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போகிறேன்.

படகோடு வந்த அலுமினியத் துடுப்பை ஓராண்டுதான் வைத்திருந்தேன். அப்புறம் அதைவிட 300 கிராம் குறைவான ஃபைபர் கிளாஸ் துடுப்பு வாங்கினேன். சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். நிமிடத்துக்கு 30 முறை வலித்தால் ஒரு மணி நேரத்தில் 1,800 முறை. கூட்டிப் பார்த்தால் 540 கிலோ. தோள்பட்டைக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரிகிறது. இந்தப் படகு அகலமானது, அதனால் துடுப்பும் நீளமாக வேண்டியிருந்தது. என்னுடையது 230 செ.மீ. குட்டையான துடுப்பில் விரல் முட்டி ஓரத்தில் இடித்துக்கொண்டே இருந்தது.

காற்று விஷயத்தில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. வெயிலில் விறைப்பாக அடித்த படகு குளிர்ந்த நீரில் இறங்கிய பத்தே நிமிடத்தில் தளர்ந்துவிடும். அதனால் மிதக்கவிட்டு, கரையோரமாகவே நிறுத்தி, இன்னும் நாலைந்து பம்ப் அடித்த பிறகுதான் ஏறுகிறேன். திரும்பி வந்து வெயிலில் போடுவதற்குள் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் தையல் பிரிந்துவிடும்.

எனக்கு இன்னமும் பிடிக்காதது உலர்த்தும் வேலை. தரைப்பகுதிக் குழாய்களின் இடுக்கில் எப்போதும் ஒரு கை நீர் மிச்சமிருக்கும். ஒருமுறை துடைக்காமல் மடித்து வைத்து, அடுத்த மாதம் பிரித்தால் கறுப்பாகப் பூஞ்சை. அந்த வாடை போக மூன்று தடவை கழுவினேன். இப்போது பழைய பருத்தித் துண்டு ஒன்றைச் சுருட்டி, இடுக்கு முழுக்க ஓட்டி எடுக்கிறேன். அரை மணி நேரம் ஆகிறது.