புளியா, பாக்கெட் பொடியா, பிராசோவா?

குத்துவிளக்கு துலக்கப் புளி நல்லதா, பீதாம்பரி மாதிரிப் பொடி நல்லதா என்று கேட்டால், விளக்கில் இருப்பது எண்ணெய்ப் பிசுக்கா, வெறும் கறுப்பா என்று முதலில் பாருங்கள் என்பேன். பிசுக்கின் மேல் எதைத் தேய்த்தாலும் அது பித்தளையைத் தொடாது, வழுக்கிக்கொண்டே போகும். விளக்கைக் கழற்றி, வெந்நீரும் சீயக்காயும் போட்டுப் பிசுக்கை எடுங்கள். தண்டின் மரையில்தான் கறுப்பு எண்ணெய் கெட்டியாக ஒளிந்திருக்கும். அதற்குப் பழைய பல் தேய்க்கும் பிரஷ் வேண்டும்.

அப்புறம்தான் போட்டி. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பித்தளையின் கறுப்பைக் கரைக்கிறது. புளி விற்கும் விலையில் புதுசு வேண்டாம், ரசத்துக்குக் கரைத்த சக்கையே போதும். கல் உப்பு சேர்த்தால் வேகம் கூடும். ஆனால் அந்த உப்பு இடுக்கில் தங்கினால் சீக்கிரமே பச்சைக் களிம்பு ஏறும். சீக்கிரம் போகட்டும் என்று ராத்திரி முழுக்க ஊற வைப்பதும் தப்பு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அமிலத்தில் வெகுநேரம் கிடந்தால் துத்தநாகம் கரைந்து, அங்கங்கே சிவந்த திட்டு விழும். அதை எந்தப் பொடியாலும் முழுசாக எடுக்க முடியாது.

பொடி ஜெயிப்பது வேகத்தில். கார்த்திகைக்கு முந்தின நாள் விளக்கும் தட்டும் மணியுமாகக் குவிந்து கிடந்தால் நானும் பொடியைத்தான் எடுப்பேன். கை வறண்டுபோகும், கையுறை போட்டுக்கொள்ளலாம். வேலைப்பாடு அதிகமுள்ள சாமான் என்றால் பொடி பள்ளத்தில் உட்கார்ந்து வெள்ளையாகக் காயும், நன்றாக அலச வேண்டும்.

எதில் துலக்கினாலும் தண்ணீர் காய்வதற்குள் பருத்தித் துணியால் துடைத்து, விபூதியைத் தொட்டு உலர்ந்த துணியால் ஒரு தேய் தேயுங்கள். பளபளப்பு நிற்பதும் போவதும் பெரும்பாலும் இந்தத் துடைப்பில்தான் இருக்கிறது.

பிராசோ என்கிற உலோகப் பாலிஷுக்கு வேலை வேறு இடத்தில். கதவுக் கைப்பிடி, பெயர்ப்பலகை, ஊஞ்சல் சங்கிலி என்று கழற்றிக் கழுவ முடியாதவற்றுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. சாப்பாடு படும் பாத்திரத்துக்கு வேண்டாம். இப்போது வரும் கைப்பிடிகள் பலவும் பித்தளை முலாம்தான். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. மேலே வார்னிஷ் பூசியதும் உண்டு. இந்த இரண்டையும் ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள், தேய்த்தால் பூச்சு போய்விடும்.

குளியலறைக் குழாயில் இந்த மூன்றுமே தோற்றுப்போகும். அது குரோமியம் பூச்சு, அதன் மேல் படிவது போர் தண்ணீரின் உப்புக்கறை. எலுமிச்சை மூடியும் வேலை செய்யும், ஆனால் வெள்ளை வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விடுவது சுலபம். கழிப்பறை ஆசிட்டை ஊற்றினால் கறையோடு பூச்சும் போகும். கம்பி நார் கீறிவிடும். வினிகரோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் சேர்க்கவே சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். தண்ணீர் சன்னமாக வந்தால் குழாய் வாயின் சல்லடையைத் திருகி எடுத்து, அதே வினிகரில் போட்டுவிடுங்கள்.