பேட்டியா, பழைய காட்சியா: ஒரு கலைஞரைப் பற்றிய ஆவணப்படத்துக்கு எது கைகொடுக்கும்?

அவரை அறிந்தவர்களிடம் புதிதாகப் பேட்டி எடுப்பதா, முன்பே யாரோ படமெடுத்து வைத்த காட்சிகளைச் சேர்ப்பதா? ஒரு கலைஞரைப் பற்றிப் படம் எடுக்கக் கிளம்பும் பலரும் தடுமாறும் இடம் இதுதான்.

செலவு
பேட்டி: கேமரா, நல்ல மைக், அமைதியான அறை. முடிந்தது.
பழைய காட்சி: உரிமைத் தொகை நிமிடக் கணக்கில், சில இடங்களில் நொடிக் கணக்கில். பட்ஜெட்டைத் தின்றுவிடும்.

நம்பகம்
பேட்டி: இறந்தவரைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள். புகழ்மாலைதான் மிஞ்சும்.
பழைய காட்சி: பொய் சொல்லாது. ஆனால் எதை வெட்டி எதை வைக்கிறோம் என்பதில் நம் கை இருக்கிறது.

உயிர்ப்பு
இங்கே பழைய காட்சிக்கே என் ஓட்டு. ஆசிஃப் கபாடியாவின் ‘ஏமி’ (2015) படத்தில் பேட்டி கொடுத்தவர்கள் கேமரா முன் உட்கார்ந்து பேசுவதே இல்லை, குரல் மட்டும்தான். திரையில் மறைந்த ஆங்கிலப் பாடகி ஏமி வைன்ஹவுஸ், தோழியின் பிறந்தநாளில் வாழ்த்துப் பாட்டை இழுத்து இழுத்துப் பாடும் பதின்வயதுப் பெண்ணாக. அந்தக் குரலைப் பேட்டி கொடுக்கும் யாரால் விவரிக்க முடியும்?

நம்மூரில் அந்த வசதி குறைவு. சத்யஜித் ரே ‘பாலா’ (1976) எடுத்தபோது பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதிக்கு வயது 58. இளவயது ஆட்டத்துக்குப் புகைப்படங்களும் பேச்சும்தான் துணை. ஆனால் ரே கடற்கரையில் அவரை ஆடவைத்துப் படமாக்கினார். ‘கிருஷ்ணா நீ பேகனே’ பாட்டு, பின்னால் அலை, காற்றில் படபடக்கும் புடவை. இன்று அதுவே நமக்குப் பழைய காட்சி!

கலைஞர் உயிரோடு இருந்தால் பேட்டியைக் குறைத்து அவர் வேலை செய்வதைப் படமெடுங்கள். மறைந்துவிட்டார், வீட்டு வீடியோ கிடைக்கிறது என்றால் ‘ஏமி’ வழி. வெறும் புகைப்படங்கள்தான் என்றால் பேட்டிதான் கதி; அப்போது அவரோடு சண்டை போட்டவரையும் தேடிப் பிடியுங்கள்.