எழுபதாயிரம் ரூபாய் பத்மினி: ஐந்து ஆண்டுக் கணக்கு

2020-இல் குளச்சல் பக்கம் ஒரு வீட்டில் நின்றிருந்த 1994 மாடல் பிரீமியர் பத்மினி காரை எழுபதாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். அதன் பிறகு, பெட்ரோலைச் சேர்க்காமலே, மூன்றரை லட்சம் வரை போட்டிருக்கிறேன். வண்டி நன்றாக ஓடுகிறது; எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் “எளிய இன்ஜின், எந்த மெக்கானிக்கும் பார்த்துவிடுவார்” என்ற பேச்சை நம்பி இறங்குகிறவர்கள், பணம் வேறு எங்கோ போகும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

இன்ஜினைப் பற்றிய பேச்சு உண்மைதான். 1089 சிசி, நான்கு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன், ரிங், பேரிங், கிளட்ச் எல்லாம் மாற்றியும் நாற்பத்தைந்தாயிரத்துக்குள் முடிந்தது. பிரேக் நான்கு சக்கரத்திலும் டிரம். அதற்கு ஒரு பன்னிரண்டாயிரம்.

பணத்தை விழுங்கியது தகரம். இந்த வண்டிக்குத் தனியாகச் சேஸிஸ் என்ற அடிச்சட்டம் கிடையாது. மூலமான ஃபியட் 1100-இலிருந்தே பாடிதான் எலும்புக்கூடும். எனவே தரைத்தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டியும் துருப்பிடித்தால் அது அழகுக் குறை அல்ல, வண்டியின் பலமே போகிறது. வெளியே பெயிண்ட் பளபளத்தது. தரை விரிப்பை விலக்கி விரலால் அழுத்தியபோது தகடு அப்பளமாக நொறுங்கியது. டிங்கரிங் மேஸ்திரி முதலில் நாற்பதாயிரம் என்றார். பெயிண்டைச் சுரண்டச் சுரண்ட, முந்தைய உரிமையாளர்கள் ஓட்டைகளை மறைக்க அடைத்து வைத்திருந்த பட்டி என்ற பூச்சுக்கலவை விரலளவு கனத்தில் பெயர்ந்தது. தொகை ஒரு லட்சத்து அறுபதாயிரத்தில் நின்றது. மேஸ்திரி ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று சுரண்டாமல் யாராலும் சொல்ல முடியாது. பெயிண்ட் புதிதாக இருக்கும் பழைய வண்டியைக் கண்டால் இப்போது எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் துரு இரண்டு வகை. முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி என்று கடலோரத்தில் நின்ற வண்டிகளை உப்புக்காற்று மேலிருந்து தின்கிறது: கூரை விளிம்பு, கண்ணாடி ரப்பரின் அடி, குரோம் பம்பர். குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்ட வீடுகளில் நின்றவற்றை ஈரம் கீழிருந்து தின்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்வதால், மண் தரையில் நின்ற வண்டி காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. விலை கேட்பதற்கு முன் வண்டி எந்த ஊரில், எந்தத் தரையில் நின்றது என்று கேளுங்கள்.

உதிரிப் பாகங்களுக்குத் திருவனந்தபுரமும் மதுரையும் போதும் என்று நினைத்திருந்தேன். சிறு சாமான்களுக்குப் போதும்தான். கதவுக் கைப்பிடி, ஸ்டியரிங் தண்டில் இருக்கும் கியர் இணைப்பு போன்றவை மும்பையிலிருந்தே வந்தன. அங்கே பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில் முற்றிலும் ஓய்ந்துவிட்டன. அதன் பிறகு எனக்குச் சாமான் கிடைப்பதும் தாமதமாகிறது, விலையும் ஏறியிருக்கிறது. ஒரு சாமானுக்காக வண்டி மாதக்கணக்கில் பட்டறையில் நிற்கும். வீட்டில் வேறு வாகனம் இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது.

எத்தனால் கலந்த பெட்ரோல் தனிச் செலவு. பழைய ரப்பர் குழாய்களும் இன்ஜினுக்குப் பெட்ரோல் இழுக்கும் பம்பின் சவ்வும் அதைத் தாங்குவதில்லை. குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினேன். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஓட்டாமல் விட்டால் டேங்கில் ஈரம் சேரும். மைலேஜ் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள்.

காகித வேலை பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 3,416 ரூபாய், ஜிஎஸ்டியோடு நாலாயிரத்துச் சொச்சம். ஆனால் அது தகர வேலைக்குப் போட்ட பணத்தில் ஒரு ரூபாயைக்கூடக் காக்காது. ஆர்.சி. என்ற பதிவுச் சான்றைப் புதுப்பிக்க 2024-இல் அடிப்படைக் கட்டணம் ஐயாயிரம். இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அதைப் பத்தாயிரமாக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. ‘விண்டேஜ்’ என்று பதிந்தால் சலுகை உண்டு என்று சிலர் சொல்வார்கள். 2021-இல் வந்த மத்திய விதிப்படி அதற்கு வண்டிக்கு ஐம்பது வயதாக வேண்டும். பதிந்த பிறகு அன்றாடம் ஓட்டவும் முடியாது.

இன்று வாங்குவதானால் இன்ஜின் செத்திருந்தாலும் தகரம் உறுதியான வண்டிக்கு ஒன்றரை லட்சம் கொடுப்பேன். சீறிக்கொண்டு கிளம்பும் இன்ஜினும் பட்டி பூசிய உடம்புமாக ஒன்று ஐம்பதாயிரத்துக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

என்னுடையதற்கு அடுத்த ஆர்.சி. புதுப்பிப்பு 2029-இல். அதற்கு முன் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். இடது பக்கம் சற்றே தாழ்ந்து நிற்கிறது.