வயோலாவும் தோள்பட்டையும்: ஆறு ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு எழுதும் அனுபவம்

நான் ஒரு சிம்பொனி இசைக்குழுவில், வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்திக்கருவியான வயோலாவை வாசிக்கிறேன். வாசிப்பினால் வரும் வலியைத் தடுப்பதற்காக, வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 25 நிமிடம் என ஓர் உடற்பயிற்சி முறையை ஆறு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். தொடங்கிய சில வாரங்களின் உற்சாகத்தில் எழுதப்பட்ட பாராட்டுகள் எனக்கு உதவியதே இல்லை. அதனால் இத்தனை காலம் காத்திருந்து, எது பலன் தந்தது, எது தரவில்லை என்பதை எழுதுகிறேன்.

இடது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் தொடங்கிய குடைச்சல், முதலில் நீண்ட ஒத்திகைகளின் கடைசி அரை மணி நேரத்தில் மட்டும் தலைகாட்டியது. ஒரே ஆண்டில் அது ஒத்திகை தொடங்கிய 40ஆவது நிமிடத்துக்கு முன்னேறி, பிறகு இரவிலும் தூக்கத்தைக் கெடுத்தது. யாரிடமும் சொல்லவில்லை. வலி என்றால் வாசிப்பு முறையில் குறை என்று நினைப்பார்களோ என்ற அச்சம்தான் காரணம். ஆஸ்திரேலியாவின் 8 தொழில்முறை இசைக்குழுக்களைச் சேர்ந்த 377 கலைஞர்களிடம் நடத்தி 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 84 சதவீதத்தினர் தங்கள் வாசிப்பையே பாதித்த வலியையோ காயத்தையோ ஏதோ ஒரு காலத்தில் அனுபவித்ததாகக் கூறியிருந்தனர். அதைப் படித்த அன்றுதான் கூச்சத்தை விட்டு ஓர் இயன்முறை மருத்துவரிடம் போனேன்.

அதுவரை நான் செய்துவந்தது மணிக்கட்டையும் விரல்களையும் இழுத்து நீட்டும் பயிற்சி மட்டுமே. விரல்கள் வேலை செய்கின்றன, ஆகவே விரல்களைத்தான் கவனிக்க வேண்டும் என்று எண்ணியிருந்தேன். அவரோ வயோலாவைக் கொண்டுவரச் சொல்லி, 20 நிமிடம் தொடர்ந்து வாசிக்க வைத்து, பின்னால் நின்று என் முதுகைப் பார்த்தார். வயோலாவின் உடற்பகுதி பெரும்பாலும் 40 செ.மீ. அளவில் இருப்பதால், இடது கை வயலினைவிடத் தொலைவுக்கு நீள வேண்டும். முன்கை வெளிப்புறமாகத் திரும்பியே இருக்க வேண்டும். அந்தக் கையை அசையாமல் தாங்குவது தோள்பட்டை எலும்பைச் சுற்றியுள்ள தசைகள். அவற்றுள் கீழ்ப்பகுதித் தசைகள் களைத்ததும், கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் மேல் ட்ரபீசியஸ் தசை அந்த வேலையையும் இழுத்துப்போட்டுக்கொள்கிறது. தோள் காதை நோக்கி ஏறுகிறது. இறுகியே கிடக்கும் தசைக்குள் இரத்த ஓட்டம் குறைகிறது. என் வலிக்குக் காரணம் அதுவே. விரல்களில் எந்தக் கோளாறும் இல்லை.

எனவே பயிற்சியும் அங்கிருந்தே தொடங்கியது. எலாஸ்டிக் பேண்டைக் கதவுப் பிடியில் கட்டி, முழங்கைகளைப் பின்னால் கொண்டுசென்று தோள்பட்டை எலும்புகளைக் கீழும் பின்னுமாகச் சேர்ப்பது, 12 முறை வீதம் மூன்று சுற்று. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்புறம் திருப்புவது. சுவரில் கைகளை ஊன்றித் தள்ளி, கடைசியில் முதுகை இன்னும் சற்றுப் பின்னே தள்ளுவது. இது தோள்பட்டை எலும்பை விலாவோடு பிணைக்கும் செர்ரேட்டஸ் தசைக்கானது, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருந்தாலும் எனக்கு மிகுந்த பலன் தந்தது இதுவே. மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்காமல் முகவாயை மட்டும் மெல்ல உள்ளிழுத்து 10 நொடி நிறுத்துவது, கழுத்தின் உட்புறத் தசைகளுக்கு. இவற்றோடு இடுப்புக்கும் வயிற்றுக்குமாக, முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பிளாங்க், பக்கவாட்டுப் பிளாங்க். நாற்காலியின் முன்விளிம்பில் மணிக்கணக்கில் அமர்பவருக்கு உடலின் நடுப்பகுதி தளர்ந்தால் தோளால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

முதல் ஆறு வாரங்களில் எந்த மாற்றமும் தெரியவில்லை. வலி எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது என்பதை ஒத்திகைதோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்திருக்காவிட்டால் அப்போதே விட்டிருப்பேன். பத்தாவது வாரத்தில் 40 என்பது 70 ஆனது. எட்டு மாதங்களில் பல நாள்கள் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. உண்மையான சோதனை ஆஸ்திரிய இசையமைப்பாளர் ப்ரூக்னரின் 8ஆவது சிம்பொனி. சுமார் 80 நிமிடம் நீளும் அந்தப் படைப்பில் தந்திக்கலைஞர்களுக்கு, வில்லை மிக விரைவாக முன்னும் பின்னும் அசைத்து ஒரே ஸ்வரத்தை வாசிக்கும் ட்ரெமோலோ ஏராளம். அதை வாசித்து முடித்த இரவு, களைப்பு இருந்தது, குடைச்சல் இல்லை.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். நேரம் மிச்சமாகும் என்று, ஒருமுறை ஒத்திகைக்குச் சற்று முன் முழுப் பயிற்சியையும் கனமான பேண்டில் செய்துவிட்டேன். மெல்லிய நீண்ட ஸ்வரங்களில் வில் நடுங்கியது. வலுவூட்டும் பயிற்சி வாசிப்புக்குப் பிறகு அல்லது கச்சேரி இல்லாத நாளில். வாசிப்புக்கு முன் தோள்களைச் சுழற்றுவது, முதுகைத் திருப்புவது, கொஞ்சம் நடப்பது என ஐந்து நிமிட வார்ம்-அப் மட்டும். இந்த வரிசையை அன்றிலிருந்து மாற்றவில்லை.

பயிற்சியால் ஆகாதவையும் உண்டு. இரண்டாம் ஆண்டில், நான்கு வார விடுமுறை முடிந்து திரும்பிய முதல் நாளே ஐந்து மணி நேரம் வாசித்தேன்; விடுமுறையிலும் பேண்டை விடாமல் பயன்படுத்தியிருந்தும் வலி மூன்று வாரம் நீடித்தது. வாசிப்புச் சுமை திடீரென்று கூடுவதை எந்தத் தசைவலுவும் ஈடுகட்டாது. இப்போது விடுமுறையின் கடைசிப் பத்து நாள்களில் 20 நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுகிறேன். அதேபோல், முகவாய்த் தாங்கியின் உயரம் என் கழுத்துக்குப் பொருந்தாதிருந்ததைப் பயிற்சி சரிசெய்யவில்லை. தாங்கியை மாற்றிய பிறகே கழுத்தின் இடப்பக்க இறுக்கம் தணிந்தது. என் குழுவில் கிளாரினெட் வாசிக்கும் நண்பருக்கு, கருவியின் எடையைச் சுமக்கும் வலது கட்டைவிரலின் வலிக்குக் கழுத்துப் பட்டைதான் தீர்வானது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது, ஊசி குத்துவதுபோல் இருப்பது, பிடி தளர்வது போன்றவை நரம்பு சார்ந்த அறிகுறிகளாக இருக்கலாம் என்பதால், அவற்றைப் பயிற்சியால் கடந்துவிட முயலாமல் உடனே மருத்துவரைப் பார்க்குமாறு மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. ஒரே வாரத்தில் இரண்டு கனமான படைப்புகளை அடுத்தடுத்து வைப்பதும், உயரம் மாற்ற முடியாத நாற்காலிகளைத் தருவதும் நிர்வாகத்தின் முடிவுகள். காயத்தைத் தடுக்கும் பொறுப்பு மட்டும் கலைஞரின் 25 நிமிடங்களில் வந்து விழுகிறது. சென்ற பருவத்தில் எங்கள் வயோலா பிரிவினர் சேர்ந்து கேட்ட பிறகு, நீண்ட ஒத்திகைகளில் இடைவேளை இரண்டாகியிருக்கிறது.

இப்போது குறிப்பேட்டில் மாதத்துக்கு ஒன்றிரண்டு பதிவுகளே விழுகின்றன. கழுத்தை வலப்பக்கம் திருப்பும்போது மட்டும் இன்னும் சிறிது தடை தெரிகிறது. அதற்காக மேல்முதுகைத் திருப்பும் ஒரு பயிற்சியைச் சென்ற மாதம் சேர்த்திருக்கிறேன். முந்தைய பயிற்சிகளுக்குப் பத்து வாரம் ஆனதால் இதற்கும் அவ்வளவு காலம் கொடுக்கப்போகிறேன்.