ஹைலக்ஸ் பக்கியில் ரிமோட் ஆயில் ஃபில்டர்: மூன்று ஆண்டுகள், 75,000 கிலோமீட்டர்

டோங்காட்டில் விளையும் கீரையையும் கத்தரிக்காயையும் வாரம் ஐந்து நாள் டர்பன் கிளேர்வுட் மொத்தச் சந்தைக்குக் கொண்டு செல்லும் என் பக்கி, 2.4 லிட்டர் 22ஆர் எஞ்சின் உள்ள பழைய டொயோட்டா ஹைலக்ஸ். தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டியைப் பக்கி என்றுதான் சொல்கிறோம். இந்த எஞ்சினில் ஆயில் ஃபில்டர் இன்டேக் மேனிஃபோல்டுக்கு, அதாவது எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதிக்கு, அடியில் இருக்கிறது. கண்ணால் பார்க்க முடியாமல் கைத்தடவலிலேயே கழற்ற வேண்டும்; கழற்றும்போது சூடான ஆயில் முழங்கை வரை வழியும். கரும்புத் தோட்டத்து மண்சாலைத் தூசியில் ஓடும் வண்டிக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது அவசியம் என்று தெரிந்தும், இந்தத் தொல்லைக்கு அஞ்சி 8,000 வரை தள்ளிப்போட்டு வந்தேன். அதனால்தான் 2022 ஜூனில் ரிமோட் ஃபில்டர் பொருத்தினேன்.

ஃபில்டர் இருந்த இடத்தில் ஓர் அடாப்டரைத் திருகி, அதிலிருந்து இரண்டு ரப்பர் ஹோஸ்களை இழுத்து, கைக்கு எட்டும் இடத்தில் பொருத்திய தலைப்பகுதியில் ஃபில்டரை மாட்டுவதே இதன் அமைப்பு. 22ஆர் எஞ்சினின் திருகுப்புரி முக்கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 16 புரியும் கொண்டது. அடாப்டர் வாங்கும் முன் இதைச் சரிபார்க்க வேண்டும். பழைய ஃபில்டரின் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட் எஞ்சின் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதன்மேல் இன்னொரு கேஸ்கெட் அமர்ந்தால் எஞ்சினை இயக்கிய சில நொடிகளிலேயே ஆயில் பீறிடும்.

நான் மிகுந்த நேரம் செலவிட்டது ஹோஸ்களின் திசையை உறுதிசெய்யத்தான். ஃபில்டரின் ஓரத்துச் சிறு துளைகள் வழியே அழுக்கு ஆயில் உள்ளே போகிறது, நடுத்துளை வழியே வடிகட்டிய ஆயில் திரும்புகிறது. இரண்டு ஹோஸ்களும் இடம் மாறினால், ஆயில் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வே பாதையை அடைத்துவிடும். பேரிங்குகளுக்கு ஆயில் போகாது. அடாப்டரிலும் தலைப்பகுதியிலும் உள்ள அம்புக்குறிகளை மட்டும் நம்பாமல், வாயால் காற்று ஊதி எந்த வழி எங்கே திறக்கிறது என்று பார்த்த பிறகே ஹோஸ்களை இறுக்கினேன். ஃபில்டரை வாய் மேல்நோக்கி இருக்கும்படி மாட்டி, அதில் ஆயில் நிரப்பி, எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி காயில் வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை மட்டும் விட்டுவிட்டுச் சுழற்றினேன். வழக்கமான அளவுக்கு மேல் ஏறக்குறைய அரை லிட்டர் ஆயில் கூடுதலாகப் பிடித்தது.

பத்தாவது மாதத்தில் பிரச்சினை வந்தது. 2023 பெரிய வெள்ளிக்கு முதல் நாள், மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு போனபோது, வெருலம் அருகே ஒரு வளைவில் பிரஷர் விளக்கு மின்னியது. உடனே எஞ்சினை நிறுத்திக் கீழே குனிந்து பார்த்தேன்; ஒரு ஹோஸ் சேஸிஸ் விளிம்பில் உரசித் தேய்ந்து ஆயிலைக் கக்கிக்கொண்டிருந்தது. இந்த ரிமோட் ஃபில்டர் தொகுப்பை விற்ற கடையில் ஹோஸை மிகச் சரியான நீளத்துக்கு வெட்டிக் கொடுத்திருந்தார்கள். ரப்பர் மவுண்டுகளின் மேல் நிற்கும் எஞ்சின் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அசைகிறது, சேஸிஸ் அசைவதில்லை. இந்த வேறுபாட்டைத் தாங்குவதற்கான தளர்ச்சி ஹோஸில் இல்லை. அன்று எஞ்சின் தப்பியது அம்மன் அருள் என்றே இன்றும் நினைக்கிறேன். காய்கறிகளை என் மைத்துனர் வந்து தம் வண்டியில் ஏற்றிச் சென்றார்.

பிறகு ஹைட்ராலிக் ஹோஸ் செய்து தரும் பட்டறை ஒன்றில், சூடான ஆயிலுக்கென்றே தயாரித்த, அரை அங்குலத்துக்குக் குறையாத உள்விட்டமுள்ள ஹோஸ்களை, முனைகளை மெஷினில் நசுக்கிப் பொருத்தி, நான்கு விரற்கடை கூடுதல் நீளத்துடன் செய்துகொண்டேன். திருகிப் பூட்டும் கிளாம்ப் இந்த இடத்துக்குப் போதாது. உரசக்கூடிய இடங்களில் பழைய ஹோஸைப் பிளந்து உறையாகச் சுற்றினேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டு ஆயில்கூடக் கசியவில்லை.

எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும், ஆயுள் கூடும் என்றெல்லாம் விற்பவர்கள் சொல்கிறார்கள். நான் பொருத்திய வெப்பமானியில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. அது ஆயில் கூலரின் வேலை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் பிரஷர் விளக்கு அணைய ஒரு நொடி கூடுதலாகிறது. கிடைத்த ஒரே நன்மை, ஃபில்டர் இப்போது பத்து நிமிட வேலை என்பதுதான். மூன்று ஆண்டுகளில் பதினைந்து முறையும் 5,000 கிலோமீட்டர் தாண்டாமல் மாற்றிவிட்டேன். ஃபில்டர் எளிதில் எட்டும் எஞ்சினை வைத்திருப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கசியக்கூடிய இணைப்புகளை வீணாகச் சேர்த்துக்கொண்டதாகவே அது முடியும்.

ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் ஹோஸ்களின் முழு நீளத்தையும் கையால் தடவிப் பார்க்கிறேன். முனைகளுக்கு அருகே இப்போது ரப்பர் சற்று இறுகியிருப்பது தெரிகிறது; ஏப்ரலில் கரும்பு வெட்டு தொடங்கி லாரிகளால் சாலை நெரிவதற்குள் இரண்டையும் மாற்றிவிட வேண்டும்.