ரோகிணியின் இடது இருக்கை

தங்கள் கிளப்புக்குப் பழைய ரோகிணி கிளைடர் (இயந்திரமில்லாமல் மிதந்து பறக்கும் விமானம்) ஒன்று வருவதாகவும், அதை எடுக்கலாமா என்றும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். எங்களுடையதன் இறக்கையை இரண்டாம் முறையாகப் பிரித்து ஒட்டி முடித்த கையோடு, நகத்தில் படிந்த டோப், அதாவது இறக்கையைப் போர்த்திய துணி இறுகுவதற்குப் பூசும் பூச்சு, இன்னும் போகாத நிலையில் எழுதுவதால், பதிலில் சற்றுக் காரம் இருக்கக்கூடும்.

இந்திய கிளைடிங் கிளப்புகளின் பயிற்சிக்கென்றே சிவில் விமானப் போக்குவரத்துத் துறை வடிவமைத்த இந்த மரக் கிளைடர் முதலில் பறந்தது 1961 மே மாதத்தில். அசுவினி, பரணி என்று நட்சத்திரப் பெயர்களாகவே சூட்டிவந்த துறை இதற்கு ரோகிணி என்று பெயர் வைத்தது.

ஆசிரியர் பின்னால் அமரும் கிளைடர்களில் மாணவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டே கத்த வேண்டியிருக்கும். இதில் இருவரும் அருகருகே அமர்வதால், காக்பிட் திறந்து காற்று முகத்தில் அறைந்தாலும், கட்டுப்பாட்டுக் கோலை அவர் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்பதை விரல் மூட்டுகளின் வெளுப்பிலேயே கண்டுகொள்ளலாம். கற்பிக்க இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் அந்த இருக்கைகளே என் ஆயுளில் பாதியைத் தின்றன. இடப்பக்கம் அமரும் மாணவருக்குக் கிளைடரின் மூக்கு நுனி கண்ணுக்கு நேரே இராமல் சற்று வலப்புறம் தள்ளியிருக்கும். அவர் அந்த நுனியைத் தொலைவிலுள்ள ஒரு மரத்தோடு பொருத்திவிட்டு நேராகப் போவதாக நம்புவார். கிளைடரோ மரத்துக்கு இடப்புறம் பார்த்து நிற்கும். வலப்பக்கம் இருக்கும் எனக்கு அதே கோணல் இரு மடங்காகத் தெரியும். 'நேராகத்தானே இருக்கிறது, சார்' என்பார் அவர். 'வலது காலை அழுத்து' என்பேன் நான், மூக்கை வலப்புறம் திருப்பும் மிதியைச் சொல்லி. நியாயமாகச் சொன்னால், என் கண்ணும் பொய்தான் சொல்கிறது. இதற்காக இரண்டு இருக்கைகளுக்கும் நேரே மூக்கின்மேல் ஒவ்வொரு கோடு வரைந்துவைத்தேன். அதன்பின் சண்டை பெரிதும் ஓய்ந்தது.

சென்ற ஆண்டு கிளைடரின் மேல்துணியை மாற்றக் கொடுத்தோம். வேலை எடுத்தவர் என் கோடுகளை அழகாகப் பூசி மறைத்ததோடு, இறக்கையின் அடியிலிருந்த வடிகால் துளைகளையும் அடைத்துவிட்டார். மழைக்காலம் முழுவதும் உள்ளே நீர் தேங்கி, பசை விட்டு, பிளைவுட் ஊறிப்போயிற்று. மரம் என்பதால்தான் சரிவாகச் சீவி, புதுத் துண்டு ஒட்டி, எங்கள் கொட்டகையிலேயே சரிசெய்ய முடிந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே நண்பரே, எடுக்க வேண்டாம். வேண்டாமென்று முடிவுசெய்ததும் எனக்கொரு வார்த்தை சொல்லுங்கள். லாரியை நானே கொண்டுவருகிறேன்.