காசு கொடுத்து மூச்சு வாங்கிய ஞாயிற்றுக்கிழமை

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் நான். எங்கள் ஊரில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம், அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஆறு வருஷம் ஆகியும் இந்த ஊரின் ஏற்ற இறக்கம் எனக்குக் கார் கிளட்ச் வழியாகத்தான் தெரியும். அப்படிப்பட்டவன் போன நவம்பரில் நகரச் சாலையில் நடந்த ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் காசு கட்டினேன். குறையும் சொல்லப்போவதால் நடத்திய கழகத்தின் பெயரைப் போடவில்லை. 5க்கு மூன்றரை.

பதிவு சுலபம். ஆனால் ஓட்டக் கழகம் எதிலும் உறுப்பினராக இல்லாதவர்கள் தற்காலிக உரிமம் என்று தனியாக ஒரு தொகை கட்ட வேண்டும், அது இந்த நாட்டுச் சாலை ஓட்டங்களில் வழக்கம்தான், முதல் தடவை ஓடுகிறவர்கள் பில்லைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பாதையைப் பற்றி 'மிதமான ஏற்றங்கள்' என்று அறிவிப்பில் எழுதியவரை நேரில் பார்க்க ஆசை. மோசஸ் மபிடா ஸ்டேடியம் பக்கம் புறப்பாடு, முதல் ஒன்றரை கிலோமீட்டர் தாம்பாளம் மாதிரி சமதரை, நான் மடத்தனமாக வேகம் எடுத்தது அங்கேதான். ஃபுளோரிடா ரோட்டில் திரும்பியதும் ஆரம்பித்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எத்தனை தடவை நடந்திருப்பேன் அந்தத் தெருவில், ஒரு நாளும் அதை மேடு என்று நினைத்ததில்லை! மிச்செல் பார்க் வரை ஏறி, மஸ்கிரேவ் ரோட்டில் கொஞ்சம் மூச்சைப் பிடிப்பதற்குள் ஒரு குறுக்குத் தெருவில் திருப்பி பீட்டர் மொகாபா ரிட்ஜுக்கு ஏற்றிவிட்டார்கள் (பழைய ஆட்களுக்கு இன்னும் அது ரிட்ஜ் ரோடுதான்). பெரியா (Berea) என்று பெயருள்ள இந்த மேடே ஒரு காலத்துக் கடலோர மணல்குன்று, செம்மண்ணாக இறுகிக் கிடக்கிறது. மணல்மேட்டுக்கு இவ்வளவு திமிரா என்று இருந்தது. குறுக்குத் தெருவில் நான் நடந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், சுற்றி இருந்த பாதிப் பேரும் நடந்தார்கள்.

கூட ஓடியவர் டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்துக்காரர், ஐந்து தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பம், வருஷா வருஷம் குட் ஃபிரைடேக்குத் தீ மிதிக்கிறவர். "தீ பத்தடிதான் அண்ணா, இது பத்து கிலோமீட்டர்" என்று இரைக்க இரைக்கச் சொன்னார். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை.

தண்ணீர் விஷயம் ருசியானது. இங்கே கோப்பையில் கொடுப்பதில்லை, பாக்கெட். எல்லோரும் பல்லால் கடித்துத் திறக்கிறார்கள். வெளிநாட்டு ஆள் ஒருவர் முகத்தில் பீய்ச்சிக்கொண்டு நின்றார், நமக்கா சொல்லித்தர வேண்டும், பஸ் ஸ்டாண்டில் வளர்ந்த பல் இது. கோக் மட்டும் கோப்பையில். ஆனால் மேட்டு உச்சியில் இருந்த மேசைக்கு நாங்கள் போனபோது தண்ணீர் தீர்ந்துவிட்டது. நவம்பரில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும், ஆறு மணிப் புறப்பாட்டுக்கே சட்டை பிழியும் அளவுக்குப் புழுக்கம், அந்த நேரத்தில் பின்னால் வருகிறவர்களுக்குத் தண்ணீர் இல்லை என்பது சின்ன விஷயம் இல்லை. ஒரு மார்க் அங்கே போயிற்று. தெருவாசி ஒரு ஆன்ட்டி கேட்டுக்கு வெளியே தோட்டக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவருக்குத்தான் பதக்கம் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொரு அரை மார்க் நேரக் கணக்குக்கு. கழிப்பறை வரிசையில் நின்று மூன்று நிமிஷம் தாமதமாகக் கிளம்பினேன். நான் கோட்டைத் தாண்டியதிலிருந்து நேரம் பதிகிற சிப் என் எண் அட்டையில் ஒட்டியிருந்தும், முடிவுப் பட்டியலில் புறப்பாட்டுத் துப்பாக்கி சுட்டதிலிருந்து கணக்குப் பார்த்து 1 மணி 17 நிமிஷம் என்று போட்டுவிட்டார்கள். கேட்டதற்கு, பரிசுக்குத் துப்பாக்கி நேரம்தான் என்று பதில் வந்தது. விதி அதுதான், தெரியும். நான் என்ன பரிசா கேட்டேன்? இரண்டு நேரத்தையும் போட்டால் குறைந்தா போய்விடும்!

ஏற்றத்துக்குப் பயந்து பழகியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இறக்கம்தான் உண்மையான வில்லன். கடைசி மூன்று கிலோமீட்டர் இறங்கும்போது பறக்கிற மாதிரி சுகமாக இருந்தது, ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை நீண்டபடியே உடம்பைத் தாங்கிப் பிரேக் போடுகிறது என்பது செவ்வாய்க்கிழமைதான் புரிந்தது. திங்கள்கூடப் பரவாயில்லை. செவ்வாய் அன்று படியில் பக்கவாட்டாக, நண்டு மாதிரி இறங்கினேன். அதனால் பயிற்சியில் இறக்கத்தையும் ஓடிப் பழகுங்கள், அடியைச் சின்னதாக வையுங்கள், பின்னால் சாயாதீர்கள். கீழே சிதறிக் கிடக்கும் காலிப் பாக்கெட்டுகள் வழுக்கும், ஓரமாகப் போங்கள்.

மற்றபடி சந்திக்குச் சந்தி ஆள் நின்றது, கார்களை நிறுத்தி வழிவிட்டது, எல்லாம் கச்சிதம். பார்க்கிங் பிரச்சினை இல்லை. மேலிருந்து ஒரு வளைவில் துறைமுகமும் கடலும் மொத்தமாகத் தெரியும், அந்த இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன் என்பது என் குறை.

முடிந்ததும் நேராகப் பன்னி சாவ் (bunny chow) என்ற டர்பன் சாப்பாடு விற்கும் கடை. "குவார்ட்டர் மட்டன்" என்று நண்பர் சொன்னபோது காலை ஒன்பது மணி. ஊரில் இந்த நேரத்துக்குக் குவார்ட்டர் கேட்டால் வீட்டில் சேர்க்கமாட்டார்கள், இங்கே குவார்ட்டர் என்றால் கால் ரொட்டி, அதைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றிக் கையில் கொடுக்கிறார்கள்.